என்னைக் கேட்காமல் வைத்த வேண்டுதல்

ஹெலிகாப்டரில் வேலை என்று சொன்னால், எங்கள் மலையில் பலர் இன்றைக்கும் நான் பின்னால் நின்று டீ கொடுக்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். டீ கொடுக்கவில்லை ஐயா, ஓட்டுகிறேன். கொட்டச்சேட்டில் பிறந்து, கடன் வாங்கிப் படித்து, கடைசியில் ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு என் சொந்த மலையையே மேலிருந்து சுற்றிக் காட்டும் வேலை கிடைத்தது.

போன கோடையில் ஒருநாள் காலை, பின்னால் ஒரு புதுமணத் தம்பதி. மஞ்சக்குட்டைக்கு மேலே போகும்போது ‘டம்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது.

எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். விழாது. இடது கைப் பக்கம் இருக்கும் நெம்புகோலை உடனே கீழே அழுத்திவிட்டால், கீழிருந்து ஏறும் காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும். அந்தச் சுழற்சியை வைத்து ஒரே ஒரு முறை இறங்கலாம். ஆனால் எங்கே இறங்க? காப்பித் தோட்டம் இருக்கும் இடமெல்லாம் நிழலுக்கு சில்வர் ஓக் மரம் நிற்கும். அதற்குள் போனால் மூன்று பேரும் சட்னிதான். பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்த ஒரு மேட்டு நிலம் எனக்குத் தெரியும். சாமை அறுத்தபின் மொட்டையாகக் கிடக்கும். அதற்குத் திருப்பினேன்.

பயந்தேனா? பயந்தேன். ஆனால் நெம்புகோலை விடவில்லை. தரையில் மோதியதில் வால் முறிந்தது, என் தோள் எலும்பில் விரிசல் விட்டது. தம்பதிக்கு ஒரு கீறல் இல்லை. இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

எலும்பு கூடி, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று கம்பெனி சொன்ன அன்றைக்கு, அம்மாவின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து சட்டமாக உட்கார்ந்தார்.

“உங்கம்மா சேர்வராயன் சாமிகிட்ட வேண்டியிருக்கா. புள்ள உசுரோட இறங்கினா, மறுபடி அதுல ஏத்தமாட்டேன்னு. வாக்குக் குடுத்தாச்சு கண்ணு. வேலைய விட்டுரு.”

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பத்து வருஷ உழைப்பு. அதை என்னைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

“ஏனுங்க மாமா, காலே அரைக்கால் காணி நிலத்தை விக்கறதுக்கே கையெழுத்துக் கேக்கறாங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“சாமிகிட்ட என்ன புள்ள கையெழுத்து?”

“சரிங்க. அம்மாவுக்குப் போன் போனதே நான் இறங்கினதுக்கு அப்புறந்தானுங்க. பொழைச்சுட்டேன்னு நானே சொன்னேன். அதுக்கு மேல வேண்டறதுக்கு என்னங்க இருக்குது? இறக்குனது நானுங்க.”

“நொம்பத் திமிரு புள்ள உனக்கு” என்றார் மாமா. இருக்கட்டும். அந்தத் திமிர் இல்லாவிட்டால் அன்றைக்கு மூன்று பேர் செத்திருப்போம்.

சமையலறை வாசலில் நின்ற அம்மா முன்னால் வந்தாள்.

“போன் வந்தப்ப இல்ல கண்ணு. நீ மேல சுத்தறப்பெல்லாம் நான் வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் இருப்பேன். அன்னிக்குச் சத்தம் பாதியில நின்னு போச்சு. அப்பவே வேண்டிட்டேன்.”

நான் தரைக்கு வர ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அம்மாவோ என் குரலைக் கேட்கும்வரை அந்த நிசப்தத்திலேயே நின்றிருக்கிறாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதேன். ஆனால் அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“திங்கக்கிழமை போறேம்மா. இனி சத்தம் நிக்கவே நிக்காதுன்னு பொய் சொல்லமாட்டேன். நின்னா எறக்கத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

மாமா என்னவோ சொல்ல வந்தார். அம்மா அவரைக் கையமர்த்தினாள்.

“நீ போ கண்ணு. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்.”