விட்டுவிடச் சொன்ன மான்கள்

என் மனைவியின் அண்ணன் ஒரு மானைச் சுட வேண்டாம் என்று சொன்னால் நான் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் அப்படித்தான் இருந்தேன். பதினோராவது வருஷம் அவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் பூந்தமல்லியில் ஒரு மருந்துச்சாலையில் கம்பவுண்டர். அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி லைசென்சோடு என்னிடம் இருந்தது. மச்சானுக்குக் குத்தம்பாக்கத்தில் நிலம். அவருக்குத் துப்பாக்கி கிடையாது, சுடவும் தெரியாது. ஆனால் ஊருக்கு மேற்கே பரவிக் கிடந்த புதர்க்காட்டில் எந்தப் புள்ளிமான் எந்த நேரத்தில் எங்கே தண்ணீருக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பார்த்துச் சொல்வார், நான் சுடுவேன். வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

பெட்டையைத் தொடுவதில்லை. கிடாக்களிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவர் முடிவு. மானின் கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். இளங்கிடாவாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் முன்பைவிடப் பெரிதாக வரும். ஆனால் எல்லாக் கிடாவுக்கும் அப்படி வந்துவிடாது. அதைத்தான் அவர் இளசிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"அடியப் பாரு மாப்ளே. காதாண்ட கொம்பு மொளைக்கிற எடம் மணிக்கட்டு மொத்தம் கீது. நெத்தியில கெளை இப்பவே நீட்டிகினு கீது. இது வளரும், உடு" என்பார். இன்னொன்றைக் காட்டி, "இது எத்தினி வருஷம் ஆனாலும் குச்சிதான். வேணும்னா எடுத்துக்கோ" என்பார்.

ஒருமுறை இடது காது கிழிந்த ஓர் இளங்கிடாவை விடச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து அதே கிழிந்த காதோடு அது வந்து நின்றபோது சுட்டேன். கொம்பு ஒரு கஜத்துக்கு நாலு விரல்தான் குறைவு. அதை அவர் வீட்டிலேயே மாட்டச் சொல்லிவிட்டேன். அடுத்த பெரிய கொம்பு எனக்கு என்று பேச்சு.

அந்த அடுத்தது வரவே இல்லை. பதினோராவது வருஷம் மழை ஓய்ந்தபின் நாலு தடவை போனோம். நாலு தடவையும் ஒரே வார்த்தைதான். "சின்னது மாப்ளே. இன்னும் ரெண்டு வருஷம் ஆவட்டும்." கடைசித் தடவை குட்டையோரம் மூன்று கிடாக்கள் நின்றன. அதில் ஒன்று என் கண்ணுக்கு முழுசாகவே வளர்ந்திருந்தது. கழுத்து தடித்து, வயிறு லேசாகத் தொங்கியிருந்தது. இளங்கிடாவுக்கு வயிறு அப்படி இருக்காது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"அந்த நடுவுல நிக்கறது?"

"அதுவும் சின்னதுதான். கழுத்து எவ்ளோ மெலிசா கீது பாரு."

நான் துப்பாக்கியைத் தாழ்த்தினேன். ஆனால் வரும் வழியெல்லாம் அந்தக் கழுத்தையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் அவர் எனக்கு முன்னால் நடப்பார். இப்போது பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று அடிமரத்தைக் கையால் தடவிக்கொண்டிருப்பார். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிடுவார். ஒரு தடவை அவர் நகர்ந்தபின் போய்ப் பார்த்தேன். மரப்பட்டை உரிந்திருந்தது. மான் கொம்பை உரசிய இடம் போலவும் இருந்தது, கத்தியால் சீவிய அடையாளம் போலவும் இருந்தது. யாருக்கோ வழி காட்ட அடையாளம் வைக்கிறாரா என்று அங்கேதான் முதலில் தோன்றியது.

அந்த வாரமே அம்பத்தூரில் ஒரு காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. ஆவடிப் பக்கம் கட்டட வேலைகளுக்கு ஜல்லி சப்ளை செய்து வசதியாகிவிட்ட மனிதர். அவருடைய அம்மாவுக்குக் காலில் புண். கட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் மான் கொம்பு. ஒரு கஜம் நிச்சயம் இருக்கும்.

"எங்க சுட்டது?" என்று கேட்டேன்.

"எல்லாம் உங்க பக்கந்தான். குத்தம்பாக்கம் காடு" என்று சிரித்தார்.

"வழி காட்ட ஆள் யாரு?"

"ஆள் இல்லாம காட்டுல இன்னா தெரியும்? அதுக்கெல்லாம் ஆள் கீறாங்க."

மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வந்தேன். என்னிடம் 'உடு' என்று சொன்ன கிடாவை மச்சான் அந்தக் காண்ட்ராக்டருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. சாப்பிடும்போது மனைவியிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"உங்க அண்ணன் இப்பல்லாம் எங்கயாவது வெளியூர் போறாரா?"

சோறு போட்ட கை நின்றது. "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"மண்ணூர்பேட்டைக்கு ரெண்டு மூணு தபா போய் வந்தாராம். எதுக்குன்னு அண்ணிகிட்டகூடச் சொல்லலியாம். அண்ணிக்கே ஒரு மாதிரியா கீதாம்."

மண்ணூர்பேட்டையிலிருந்து அந்தக் காண்ட்ராக்டர் வீடு கூப்பிடு தூரம். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஐந்தாவது தடவை போனபோது நான் வேட்டைக்குப் போகவில்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன். விடியற்காலையில் குட்டைக்கு எதிரே கள்ளிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வெயில் ஏறி வெளிச்சம் நன்றாக வந்தபின் ஒரு மான் தனியாக வந்து தண்ணீரில் வாய் வைத்தது. நாற்பதடி தூரம்கூட இருக்காது. பெட்டை. தலையில் ஒன்றுமே இல்லை.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"மச்சான், இந்தக் கெடாவுக்குக் கொம்பு எப்படி?"

நெற்றியில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "அடி பரவால்ல. வளர்ற கொம்புதான். ரெண்டு வருஷம் உடு."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பொய்யைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். சட்டென்று அவர் முகத்துக்குத் திரும்பினேன். அவர் பார்வை மான் மேல் இல்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் புதர் மேல் இருந்தது. வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. இரண்டு கருவிழிக்குள்ளும் நீர்த்த பால் போல ஒரு வெண்மை. தினமும் பத்துப் பேர் கண்ணுக்கு மருந்து விடுகிறவன் நான். அதை நான் இத்தனை நாள் பார்க்கவில்லை.

"மச்சான், அது பெட்டை."

மான் குடித்து முடித்துப் போன சத்தம் கேட்டபின் என் பக்கம் திரும்பினார்.

"சோதிச்சியா மாப்ளே?"

துப்பாக்கியை மடியில் தாழ்த்தினேன். அவரே சொன்னார். "மானு நிக்கறது தெரியுது. கொம்பு தெரியல. வெளிச்சம் ஏற ஏற எல்லாம் வெளுத்துப் போவுது. தப்பா சொல்லி, நீ சின்னதச் சுட்டுட்டா? அதான் எல்லாத்தையும் உடுன்னேன்."

"மரத்தயெல்லாம் தடவிப் பாத்தீங்களே?"

"கெடா உரசின ஒசரமும் ஆழமும் கைக்குத் தெரியும். எந்த மாதிரிக் கொம்பு நடமாடுதுன்னு அதுல ஓரளவுக்குச் சொல்லலாம்."

மண்ணூர்பேட்டையில் ஒரு நாட்டு வைத்தியர் கண்ணுக்குப் பச்சிலைச் சாறு விடுகிறாராம். அதற்குத்தான் போய்வந்திருக்கிறார். வீட்டு மாப்பிள்ளை கம்பவுண்டர், என்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"உன்னாண்ட வந்தா ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சிடுவ. அப்புறம் கண்ணு தெரியாதவன எதுக்குக் கூட்டிகினு வரப்போற? வேற ஆள் பாத்துப்ப."

அதோடு விட்டிருக்கலாம். "நீ எதுக்கு சோதிச்ச?" என்று கேட்டார். நான் காண்ட்ராக்டர் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் முன்னால் நடந்தேன். என் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் அவர் வருகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பள்ளம் வந்த இடத்தில் கை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிக்க வைக்க என் மனைவிக்கு ஒரு மாதம் ஆயிற்று. பட்டணத்தில் ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்தார்கள். இருபது நாள் படுக்கை. கட்டுப் பிரித்து, தடித்த கண்ணாடி போட்டதும் நன்றாகவே தெரிந்தது.

இதற்கு நடுவில் காண்ட்ராக்டர் அம்மாவின் புண்ணுக்கு மறுபடி கட்டுப் போடப் போனேன். அந்தக் கொம்பைப் பற்றி அந்த அம்மாளிடமே கேட்டேன். "மூர் மார்க்கெட்ல வாங்கிகினு வந்தான். இவனுக்கு எலி அடிக்கக்கூடத் தெரியாது" என்றார். இதை மச்சானிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருஷம் அவராகவே கூப்பிட்டார். கண்ணாடியோடு வந்தார். மூன்று கிடாக்கள் நின்றன. ஒரே பார்வையில் இரண்டை விடச் சொல்லி, ஒன்றைக் காட்டினார். சுட்டேன். அவர் சொன்ன அளவுக்கு அரை விரல்கூடக் குறையவில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம். "மச்சான், அந்தக் கெடா எப்படி?" என்று நான் கேட்டால், அந்தத் தடித்த கண்ணாடி மான் பக்கம் உடனே திரும்பாது. முதலில் என் முகத்துக்கு வரும். "கெடாதான் மச்சான்" என்று நான் சொல்வேன். இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுப் பக்கம் திரும்புவார்.