சாட்சிக் கையெழுத்தும் ஞாயிறு வாசிப்பும்

ராயபுரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஏழு பேர் அங்கே கூடி ஒரே புத்தகத்தை வாசித்தோம். நீதியாக வாழ்வதும் இறைப்பணிதான் என்று சொல்லும் புத்தகங்கள். ஒருவர் ஒரு பத்தி வாசிப்பார். அதையொட்டி, அந்த வாரம் தான் செய்த ஒன்றைச் சொல்வார். பிறகு புத்தகம் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். பிறர் செய்ததைச் சொல்லக் கூடாது.

ஒரு ஞாயிறு மேஸ்திரியும் வந்து உட்கார்ந்தார். துறைமுக வாசலில் தினமும் விரல் நீட்டி அன்றைய ஆட்களை எடுப்பவர். எங்களில் நான்கு பேர் அந்த விரலை நம்பிப் பிழைத்தவர்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரன் அவர்களில் ஒருவன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவனோடு வேலை செய்த ஒருவனின் பாதம் கப்பலில் மூட்டை சரிந்து நசுங்கியது. தெருவில் விழுந்து அடிபட்டதாக மேஸ்திரி தாள் எழுதினார். இவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாள் நின்றால் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கிடையாது. சனிக்கிழமை என்னிடம் சொன்னான். நான் பத்திரிகைக்காரன் என்பதால், எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

புத்தகம் அவனிடம் வந்தது. நோயாளியைப் பார்க்கப் போவது பற்றிய பத்தி. நிதானமாக வாசித்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி அவனப் பாத்தேன். சாத்துக்குடி குடுத்தேன். பொய்க் கையெழுத்து போட்டதச் சொல்லாம வந்துட்டேன்."

மேஸ்திரி புன்னகை செய்தார். "இன்னா நைனா, இங்கயே பாவசங்கீர்த்தனமா? சாமியாருக்கு வேல இல்லாம பண்ணிடுவ போலகீது."

"சாமியாராண்ட அப்பால சொல்லிக்கிறேன் மாமு. இது உன்னாண்ட சொல்றது."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நீ எழுதிக்கினியா?" இரண்டு வெறுங்கைகளையும் காட்டினேன்.

அடுத்து அவர் முறை. "கண்ணாடி எடுத்தாரல" என்றார். சட்டைப் பையில் கண்ணாடி தெரிந்தது. புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

திங்கள் காலை நானும் துறைமுக வாசலுக்குப் போனேன். மேஸ்திரியின் விரல் பக்கத்து வீட்டுக்காரனுக்கு முன்னால் நின்றவனைக் காட்டியது, பின்னால் நின்றவனைக் காட்டியது. கூட்டம் உள்ளே போகும்வரை அவன் நின்றான். பிறகு இருவரும் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தோம்.

"பொய்க் கையெழுத்துன்னு நீயே எழுதிக் குடுத்தா, கேஸ் உன் மேலயும் வரும்" என்றார் குமாஸ்தா.

"வரட்டும் சார். ஒரு தாள் குடுங்க."

நின்றபடியே நான்கு வரி எழுதினான். என்னிடம் நீட்டினான். படித்தேன். திருத்த எதுவும் இல்லை.