கையாலாகாதவரின் கைவித்தை

பிறந்தநாள் வீடுகளில் நாணய வித்தை காட்டி முடித்ததும், யாராவது ஒருவர் பஞ்சிங்காரரை ஓரமாக அழைத்துப்போய் இதில் எப்படி ஆர்வம் வந்தது என்று கேட்காமல் விடமாட்டார். அவரும் சளைக்காமல், "சும்மா கைக்குப் பயிற்சின்னு ஆரம்பிச்சது சார்" என்பார். பொய் இல்லை. முழுக்கதையைச் சொன்னால் கேட்டவருக்குத் தொண்டையில் கேக் இறங்காது என்பதால் அதோடு நிறுத்திக்கொள்வார். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆகவே நாமே சொல்லிவிடுவோம்.

அவர் வேலை பார்ப்பது ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையில். அச்சடித்து வரும் அட்டையைப் பெட்டியின் அளவுக்கு வெட்டி மடிப்புக்கோடு போட்டுக் கொடுக்கிற மெஷினுக்குப் பஞ்சிங் மெஷின் என்று பெயர். அதை ஓட்டுகிறவர் பஞ்சிங்காரர். மெஷின் வாயைத் திறக்கும், அட்டையை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், வாயை மூடும். மறுபடி திறக்கும்போது வெட்டியதை ஒரு கையால் உருவி, அடுத்ததை மறு கையால் வைக்க வேண்டும். காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை இதேதான். மெஷின் இருந்த பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் மட்டும் பெரிய கண்ணாடி பதித்திருக்கும். அது வெளிச்சத்துக்காக வைத்ததில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முதலாளி இந்தப் பக்கம் பார்ப்பதற்காக வைத்தது.

முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். சிக்கலே அங்கேதான். பட்டறைக்கு மேல்மாடியில் அவர் கொடுத்த இரண்டு அறைகளில்தான் பஞ்சிங்காரரின் குடித்தனம். படியிறங்கினால் வேலை, படியேறினால் வீடு. நடுவில் தெரு என்று ஒன்று இருப்பதே சில வாரங்களில் மறந்துபோகும். வேறு முதலாளி என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இங்கே வேலையை விட்டால் வீடும் போகும், மனைவிக்குப் பிறந்த வீட்டு உறவும் போகும். மனைவி கீழே பெட்டி ஒட்டும் பெண்களோடு உட்கார்ந்து பசை தடவுகிறவள். அண்ணன் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. இவரோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர்.

மெஷின் அப்படிப்பட்டது இல்லை. அதன் முன்பக்கத்தில் ஒரு கம்பி உண்டு. தவறி உள்ளே போகும் கை அதில் இடித்தால் மெஷின் நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. முழங்கை லேசாக உரசினாலும் நின்று தொலைக்கிறது, வேலை ஓடவில்லை என்று முதலாளி அந்தக் கம்பியை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டார். ஒருநாள் கோணலாகப் போன அட்டையை நேராக்கப் பஞ்சிங்காரர் வலது கையை நீட்டினார். விரல்கள் தங்கியதே பெரிய விஷயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எலும்புகளைச் சேர்த்துக் கட்டி, கட்டைப் பிரித்தபோது கை பாதி மூடியபடி விறைத்து நின்றது. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் பிசியோ மேடம் என்பார்கள். அந்த மேடம் மேசைமேல் ஒரு நாணயத்தை வைத்தார். அதை விரல்நுனியால் எடுக்க வேண்டும், இடது கை தொடாமல் உள்ளங்கைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கிருந்து மறுபடி விரல்நுனிக்குக் கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு அல்பமாக இருக்கும். நாணயம் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. பஞ்சிங்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

ஒருநாள் மேடம் எதற்கோ எழுந்துபோய்விட்டு வந்தபோது நாணயம் மேசையிலும் இல்லை, விரல்நுனியிலும் இல்லை. வழக்கம்போல் விழுந்துவிட்டது என்று நினைத்து மேசைக்கடியில் குனிந்து தேடினார். நாற்காலியை நகர்த்திப் பார்த்தார். நாணயம் அந்தப் பாதி மூடிய கைக்குள், விரல்களின் அடிமடிப்பில், கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சிங்காரர் ஏமாற்ற நினைக்கவில்லை. சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் கண்கள் நாள் முழுக்கத் தன்மேலேயே இருந்து பழகிய மனிதருக்கு, கண் முன்னால் இருப்பதை ஒருவர் வேறு இடத்தில் தேடுவதைப் பார்ப்பது புதுசாக இருந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஓர் இடம் தன்னிடம் இருக்கிறது, அதுவும் சொந்த உள்ளங்கையிலேயே. பிறகு கையைத் திருப்பிக் காட்டினார். "அட, மேஜிக் எல்லாம் பண்றீங்களே" என்று மேடம் சிரித்தார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை. குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, போனில் நாணய வித்தைக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தால், மேடம் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத்தான் அவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். ஒளித்த கையை ஒளித்தமாதிரி வைக்கக் கூடாது, சும்மா இருக்கிற கையைப்போலத் தொங்கவிட வேண்டும் என்றார் ஒருவர். பஞ்சிங்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இந்தக் கையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? விறைத்த கை, பாவப்பட்ட கை, கட்டுப் பிரித்த நாளிலிருந்து பார்ப்பவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்கிற கை. மாதங்கள் போகப்போக நாணயம் விரல் முட்டிகளின்மேல் ஓட ஆரம்பித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

இதற்கு நடுவில்தான் அந்தச் சின்ன பொய் வந்தது. தினமும் காலையில் மைத்துனர் படிக்கட்டின் கீழே நின்று, கை எப்படி இருக்கிறது மாப்பிள்ளை, எப்போது இறங்கி வரப்போகிறீர்கள் என்று குரல் கொடுப்பார். மெஷின் கூப்பிடுகிறமாதிரியே இருக்கும். ஒருநாள் பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கைக்குள் நாணயம் இருந்தது. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. "அப்படியேதான் மச்சான் இருக்கு" என்றார்.

கை சரியாகிவிட்டது என்று தெரிந்தால் மறுநாளே அந்த வாய்க்கு முன்னால் நிற்க வேண்டும். தெரியாதவரைக்கும் தப்பித்தோம். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான். அந்தத் தப்பித்தலே ஒரு பெட்டியாகி, மேல்மூடியும் விழுந்துவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் கை அதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டுமே. காலையில் மனைவி சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள். அவர் சிலைமாதிரி நிற்பார். சாப்பாட்டைத் துண்டாக்கிக் கொடுப்பாள். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சிந்திச் சாப்பிடுவார். மாலையில் பசைக் கையைக் கழுவிவிட்டு வந்து, எண்ணெயைச் சூடாக்கி அவர் கையைத் தடவிவிடுவாள். விரலை மெல்ல நிமிர்த்திப் பார்ப்பாள். நிமிர்ந்துவிடாமல் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொள்வார். வலிக்கிறதாக்கும் என்று அவள் உடனே விட்டுவிட்டு, அந்த விரலில் ஊதுவாள். அப்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விரல் நிமிரவில்லை.

வித்தையும் வீணாய்ப் போனது. கற்றதைக் காட்ட ஒரு ஜோடிக் கண்கூடக் கிடையாது. காட்டினால் கை காட்டிக்கொடுத்துவிடும். தாழ்ப்பாள் போட்ட குளியலறையில், ஓடுகிற குழாய்க்கு முன்னால், ரசம் போன கண்ணாடியைப் பார்த்து நாணயத்தை மறையச் செய்வார். மறைந்தது தெரியும், எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். தன்னைத்தானே எத்தனை நாள் ஏமாற்றிக்கொள்வது?

ஒரு நாள் கீழே மைத்துனர் யாரிடமோ போனில் பேசுவது மாடிவரை கேட்டது. "கையாலாகாத மனுஷனை வீட்டுல வச்சுப் பாத்துட்டு இருக்கேன், வேற என்ன பண்றது" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் பஞ்சிங்காரரின் வலது கையில் நாணயம் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி அருகில் வந்து, அண்ணன் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் தோளைத் தடவினாள்.

அவருக்குப் பதிலாக மெஷினுக்கு வைத்திருந்த புது ஆள், கம்பியையும் கயிற்றையும் பார்த்துவிட்டுச் சில வாரங்களில் வேலையை விட்டு நின்றுகொண்டான். அவனுக்குப் போவதற்குத் தெரு இருந்தது. மறுநாள் காலை மனைவி பொத்தானைப் போட்டபடியே சொன்னாள்.

"இன்னையிலேருந்து மெஷின்ல என்னை நிக்கச் சொல்லியிருக்கார் அண்ணன். உங்க கை சரியாகுற வரைக்கும்தான்."

பஞ்சிங்காரர் "கயித்தை அவுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"எந்தக் கயிறு?" என்றாள் அவள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இந்தக் கதையில் அவரை மன்னிக்க முடியாத இடம் இதுதான். அவள் கடைசிப் பொத்தானையும் போட்டு, காலரைச் சரிசெய்துவிட்டு, படியிறங்கிப் போகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். தரைவழியாக மெஷின் சத்தம் ஏறி வந்தது. அவருக்கு அது தாய்மொழிமாதிரி. வாய் திறப்பதும் மூடுவதும் உள்ளங்காலிலேயே தெரியும். புதுக் கை என்பதும் தெரிந்தது. ஒவ்வொரு திறப்புக்கும் அவர் மூச்சைப் பிடித்தார், ஒவ்வொரு மூடலுக்கும் விட்டார். நடுவில் ஓர் அட்டை கசங்கும் சத்தம் கேட்டது. கோணலாகப் போகிறது. அட்டை கோணலாகப் போனால் கை என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

பின்னறைக்குள் நுழைந்தபோது, கசங்கிய இன்னொரு அட்டையை நேராக்க அவள் கையை நீட்டியிருந்தாள். பஞ்சிங்காரர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். மெஷின் வெறும் அட்டையைக் கடித்துவிட்டுத் திறந்தது. இடது கையால் ஸ்விட்சை அணைத்தார். கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்கள். இவர் பிடித்த கையாலேயே பிடிபட்டார். அவள் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்களும் அழுத்தமாக மூடியிருந்தன. கட்டைவிரல் உட்பட எல்லாம், கொஞ்சமும் விறைப்பில்லாமல்.

அவள் மெஷினைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பயம் தெளிந்து, அவள் முகத்தில் வேறொன்று ஏறுவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார்.

"நாளையிலேருந்து பொத்தானை நீங்களே போட்டுக்குங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கையை விடுவித்துக்கொண்டு பசை வாளிப் பக்கம் போய்விட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைத்துனர் எழுந்து நின்றிருந்தார். கதவைத் திறந்து, கை நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறதே மாப்பிள்ளை, அப்படியானால் நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார். பஞ்சிங்காரர் மெஷின் முன்னால் குனிந்தார். கம்பியைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை, இறுகிப்போய்க் கத்தி கேட்கிற முடிச்சை, எல்லோரும் பார்க்க வலது கை விரல்நுனியாலேயே அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மைத்துனர் முணுமுணுத்தார், ஆனால் மறுபடி கட்டச் சொல்லவில்லை. மறுநாள் அவர் அந்த வாய்க்கு முன்னால் நின்றார். இன்றும் அங்கேதான் நிற்கிறார்.

மனைவி வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மதியம், சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் ஒரு நாணயத்தை வைத்தாள்.

"எனக்குத் தெரியாம அதுல அப்படி என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க? பண்ணுங்க, பாப்போம்."

அதுதான் அவருடைய முதல் மேடை. நாணயத்தை எடுத்தார், இடது கைக்கு மாற்றினார், இடது கையை மூடி ஊதினார், விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. இதைவிடச் சுத்தமாக அவர் எப்போதும் செய்ததில்லை. அவள் இடது கையைப் பார்க்கவே இல்லை. தொடக்கத்திலிருந்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கையில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவர் எத்தனையோ பிறந்தநாள் வீடுகளில் வித்தை காட்டிவிட்டார். பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், பெரியவர்கள் மேசைக்கடியில் குனிந்து தேடுகிறார்கள். அவளிடம் மட்டும் இன்றுவரை ஒரு நாணயம்கூட மறைந்ததில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கூடவே கிளம்புவாள். எண்ணெய் தடவிய நாட்களைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருப்பாள். அவர் உள்ளே நின்று, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டுக்கொள்வார்.