மிதிபடாத எழுத்துகள்

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே வெங்கு மாமி வந்துவிட்டார். கையில் ஒரு முறம். அதில் காகிதக் கூழால் செய்து காயவைத்த இங்கிலீஷ் எழுத்துகள். முறத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "ராஜம் விடியக்காலம்பற போயிட்டாடி" என்றார். ஜுரம் இறங்கிவிட்டதாகச் சனிக்கிழமைதான் சொல்லியிருந்தார்கள். மாமி முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ கேட்டதெல்லாம் பண்ணிண்டு வந்திருக்கேன். இனிமே யார்கிட்ட குடுக்கறது?"

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் சிறிய பெண்கள் பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்பிய உங்களுக்கு, என்னோடு வேலைபார்த்த குழந்தைகள் வகுப்பு ஆசிரியை ராஜம் என்பதைவிட 'பாண்டி டீச்சர்' என்றால்தான் தெரியும். ஏ, பி, சி என்று ராகம் போட்டுக் கத்தும் குழந்தையிடம் நடுவில் ஓர் எழுத்தைக் காட்டினால், அது ஏயிலிருந்து தொடங்கிப் பாடிக்கொண்டே வந்துதான் அதைச் சொல்லும். "பாட்டு தெரியறது, எழுத்து தெரியலை" என்பார் ராஜம். அதனால் பின்கட்டு முற்றத்தில் சுண்ணக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதினார். சில்லை எறிந்து, அது விழுந்த கட்டத்தின் எழுத்தைச் சொல்லிவிட்டு நொண்டியடிக்க வேண்டும்.

மறுவாரமே தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். முன்னால் நின்றவர், வகுப்பிலேயே சிறியவளான கமலாவின் அம்மா வெங்கு மாமி. கிழிந்த காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்; இங்கே சரஸ்வதியின் மேல் குதிக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்களே என்றார். இப்படியே நடந்தால் குழந்தைகளை அனுப்பமாட்டோம் என்றும் சொன்னார். பிள்ளைகள் குறைந்தால் குழந்தைகள் வகுப்பையே மூடிவிடப்போவதாக மானேஜர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். உடனிருந்த ஓர் ஆசிரியை, வெள்ளைக்காரன் எழுத்தில் ஏது சரஸ்வதி என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். ராஜம் அதை ஏற்கவில்லை. "நாமளே மதிக்காத ஒண்ணைக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கறது?" என்றார்.

என்னிடம் இன்னும் கூர்மையான பதில் இருந்தது. மாமி வீட்டுக் கூடைகள் பெயர்போனவை. பழைய பத்திரிகைகளை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, பானைமேல் அப்பிச் செய்பவை. அங்கே எத்தனை சரஸ்வதி அரைபடுகிறாள் என்று ராஜத்தின் காதில் சொன்னேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மாமியிடம் கேட்டார்: "கூடை பண்றேளே, அந்தக் கூழ்ல எழுத்துப் பண்ண முடியுமா, மாமி? ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்கோ. அப்புறமும் வேண்டாம்னா கட்டத்தை அழிச்சுடறேன்."

எல்லோரும் போனபின் நான் கோபித்துக்கொண்டேன். "வாதத்துல நான் ஜெயிச்சா கமலா ஆத்தோட நின்னுடுவாடி. எனக்குக் கமலா வேணும்" என்றார் ராஜம்.

மாமி வந்தார். ராஜம் பிசைந்து வைத்திருந்த கூழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெந்தயமே போறாது. வெயில்ல வெச்சா பாளம் பாளமா வெடிக்கும்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு தாமே உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கமலா பலகையில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்துக் கூழை உருட்டி வளைத்தார். காய்ந்த எழுத்துகளைச் சில கட்டங்களில் வைத்து மற்றவற்றை வெறுமையாக விட்டார் ராஜம். வெறுங்கட்டத்தில் மட்டுமே நொண்டிப் போய், கேட்ட எழுத்தைக் குனிந்து கையில் எடுத்து வர வேண்டும். எழுத்தில் கால் பட்டால் ஆட்டம் போச்சு. தாய்மார்களின் கண்டிப்பு அப்படியே ஆட்டத்தின் விதியாகிவிட்டது. மிதிக்காமலிருக்க வேண்டும் என்பதற்காகவே குழந்தைகள் ஒவ்வோர் எழுத்தையும் உற்றுப் பார்த்தார்கள்.

சாந்தோம் குப்பத்திலிருந்து மகளை அனுப்பிய மீன்காரம்மா ஒருவர், "படிக்க அனுப்சா ஆட வுட்டுக்கினு கீறியே, டீச்சரம்மா" என்று வாசலில் நின்று குத்திக்காட்டுவார். ராஜம் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். சில மாதங்கள் கழித்து அதே அம்மா வேறு புகாரோடு வந்தார். "கடைப் பலகைய பாத்து எய்த்து எய்த்தா சொல்லிக்கினே வருது. நான் மீன் விக்கறதா, அத்த கேக்கறதா?" அன்றும் ராஜம் சிரிக்க மட்டும்தான் செய்தார். நான் என்றால் பழையதை நினைவூட்டியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மானேஜர் என்னை அழைத்தார். ராஜம் போய்விட்டதால் முற்றத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு, குழந்தைகளை மேல் வகுப்போடு உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லலாம் என்றார். குழந்தைகள் வகுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அதெல்லாம் வெறும் விளையாட்டும்மா" என்றார். அவரை வாயடைக்க எனக்கு நான்கைந்து பதில்கள் நாக்கில் வந்து நின்றன. ராஜம் என் கையை அழுத்திய இடம் உறைத்தது.

ராஜத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது வெங்கு மாமியின் முறமும் ஒரு வாக்கியமும்தான். அந்த வாக்கியத்தையே மானேஜரிடம் சொன்னேன்: "ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்கோ."

வியாழக்கிழமை வருகிறார். முற்றத்தைக் கழுவிவிட்டேன். கட்டம் போட வேண்டும்.