யார் ஜெயிப்பார் என்று எழுதிக் கொடுப்பவன்

மல்யுத்தம் நடத்த உடம்பில் பலம் வேண்டும் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களின் நினைப்பு. துபாயில் அதற்கு முதலில் வேண்டியது வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

டிவியில் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று உடுத்திக்கொண்டு வந்து, மைக்கில் சவால் விட்டு, கயிற்றின் மேல் ஏறிக் குதிப்பார்களே, அந்த ரக மல்யுத்தம். அதை லீவு நாட்களில் ஹால் பிடித்து நடத்தும் ஒரு சின்ன கம்பெனியில் நான் பி.ஆர்.ஓ. அதாவது, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பர்மிட் வாங்குகிறவன். வீடு அஜ்மானில். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தினமும் துபாய்க்குப் போய் வருவேன். டோக்கன் எடுத்துவிட்டு, நம் நம்பரைத் தாண்டி அடுத்த நம்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

விளையாட்டா, நாடகமா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மல்யுத்தம் என்றால் விளையாட்டுதானே என்று விளையாட்டுக்கான ஆபீஸில் போய் நின்றேன். "யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுமாமே? அப்படியென்றால் இது விளையாட்டு இல்லை, கலை நிகழ்ச்சி" என்று திருப்பி அனுப்பினார்கள். கலை நிகழ்ச்சி ஆபீஸில், "ஆளை ஆள் தூக்கி அடிக்கிறார்கள், இது எப்படிக் கலை? விளையாட்டு ஆபீஸுக்குப் போங்கள்" என்றார்கள். இப்படியே நாலு நாள். நடுவில் இருந்த பார்க்கிங்கில் எனக்கு வெயில் மட்டும் மிச்சம்.

ஐந்தாவது நாள் கலை நிகழ்ச்சி கவுன்ட்டரில் ஒரு வயதான அரபி அதிகாரி இருந்தார். நம் ஆட்களோடு பழகிப் பழகி நல்ல இந்தி பேசுவார். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நாடகத்துக்குக் கொடுப்பது போல முழுக் கதையையும் நிமிஷ வாரியாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார். யார் எப்போது விழுகிறார், யார் எப்போது எழுகிறார், கடைசியில் யார் ஜெயிக்கிறார், எல்லாம் வேண்டுமாம். ஜெயிப்பவர் பெயரை எழுதிக் கொடுத்தால் ரகசியம் வெளியே போய்விடுமே என்று நான் இழுத்தேன். அவர் சீலை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "யார் ஜெயிப்பான்னு எழுதிக் கொடுத்தா இங்க சீல் அடிப்பேன் பாய். எழுதிக் கொடுக்கலேன்னா யாரும் சண்டையே போட முடியாது."

மாப்பிள்ளைக்கு அளவு

உடைக்கும் அனுமதி வேண்டும். எங்கள் நட்சத்திரம் 'பாலைப் புயல்' போட்டிருந்த சின்ன நிக்கரின் போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் கவுன்ட்டரில் ஃபைலை மூடிவிட்டார்கள். முட்டிக்குக் கீழே வரை துணி வேண்டும், நெஞ்சில் இருக்கும் பச்சை குத்தல் தெரியக்கூடாது. புயலின் நிஜப் பெயர் குர்மீத். பஞ்சாப்காரர். வாரம் முழுவதும் ஷார்ஜாவில் ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுப்பார், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அவரை பர் துபாய் மீனா பஜாருக்கு அழைத்துப் போனேன். அங்கே ராமநாதபுரத்து பாய் ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். தங்க ஜரிகை, கண்ணாடிக் கல், முழுக்கால் பேன்ட், கழுத்து மூடிய சட்டை என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். குர்மீத்தின் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடிக்கக் கடைப் பையன்கள் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்த உடையைப் போட்டுக்கொண்டு குர்மீத் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, எனக்கு இப்படி ஒரு சட்டை இந்த ஜென்மத்தில் கிடையாது என்று மனசுக்குள் ஒரு முள் தைத்தது. தையல்கார பாய் என் காதருகே வந்து கேட்டார்: "பொண்ணு எந்த ஊரு தம்பி? மாப்பிள்ளைக்குத் துணி எடுத்த காசுல ரெண்டு கல்யாணம் முடிச்சிரலாமே!"

ஊசி

ரிங்கில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ரத்தம் எடுக்க வேண்டும். கயிற்றின் மேலிருந்து தலைகுப்புறக் குதிக்கிற குர்மீத், ஊசியைப் பார்த்ததும் கிளினிக் வாசலுக்கு நடையைக் கட்டிவிட்டார். அந்த கிளினிக்கில் ஜஸ்டின் என்று ஒரு ஆண் நர்ஸ், குளச்சல் பக்கத்துப் பையன். முப்பது வயசு இருக்கும். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். ஏதோ பேச்சுக் கொடுத்து குர்மீத்தை உட்கார வைத்து, அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தை எடுத்து முடித்துவிட்டான்.

ரிங் பக்கத்தில் லைசன்ஸ் உள்ள ஒரு நர்ஸ் வேண்டியிருந்தது. ஜஸ்டினையே போடலாம் என்று முதலாளியிடம் சொன்னவன் நான். அவனுக்குப் பகுதி நேர பர்மிட் வாங்க மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியவனும் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அரசாங்க முத்திரையோடு வைத்துக்கொண்டேன். நாலு வருஷமாக நிழல் போலக் கூடவே திரிந்த என்னிடம் குர்மீத் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை, ஆனால் அன்றைக்கு ஜஸ்டினின் தோளில் கை போட்டுக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "இந்தத் தம்பி பக்கத்துல இருந்தாத்தான் நான் குதிப்பேன்."

வீட்டுக்கு வந்த வீடியோ

ஜஸ்டின் ரிங் பக்கத்தில் உட்கார ஆரம்பித்த பிறகு எல்லா வீடியோவிலும் அவன்தான். குர்மீத்தின் நெற்றியைத் துடைக்கிறான், ஐஸ் வைக்கிறான், கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறான், கூட்டம் கை தட்டுகிறது. அவனோடு செல்ஃபி எடுக்க லேபர் கேம்ப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஹாலுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில், இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்காக ஒரிஜினல் பர்மிட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனோடு யார் செல்ஃபி எடுப்பார்கள்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிந்தது. குர்மீத் மேல்கூட அவ்வளவு பொறாமை இல்லை, அவருடைய உடம்பு எனக்கு வராது. ஜஸ்டின் என்னைப் போலத்தான் ஒல்லி, என்னைப் போலத்தான் பஸ்ஸில் வருகிறவன். அவனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? யார் ஜெயிப்பார் என்று அந்த ஹாலிலேயே எனக்குத்தான் முதலில் தெரியும், ஆனால் அதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கக்கூடாது. என் மனைவி மல்லிகா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பிக் காட்டிச் சொன்னாள்: "ஜஸ்டின் தம்பி எவ்வளவு அழகா தெரியுது பாருங்க. நீங்களும் அங்கதானே வேலை பாக்குறீங்க? ஒங்க கை விரலு கூடத் தெரியலையே!"

ஆறு நாற்காலி

ரிங்கை ஒட்டி ஆறு பேர்தான் உட்காரலாம். அவர்களுக்குச் சிவப்புப் பாஸ். ஹாலின் கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குப் பச்சைப் பாஸ். பச்சையை மாட்டிக்கொண்டு உள்ளே கால் வைத்தால் காவலாளி விடமாட்டான். அடுத்த நிகழ்ச்சி சனிக்கிழமை சாயந்திரம். பாஸ் லிஸ்டை டைப் செய்ய டைப்பிங் சென்டரில் உட்கார்ந்தபோது விதியை இன்னொரு தடவை படித்தேன். 'நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும்' என்றுதான் எழுதியிருந்தது. ரிங் பக்கத்தில் என்று எங்கேயும் இல்லை. இத்தனை மாதமும் நாங்களாகவே அவனை அங்கே உட்கார வைத்திருந்தோம்.

நான் ஜஸ்டினைப் பச்சைக்கு மாற்றினேன். சிவப்பில் ஆறாவது பெயராக என் பெயரைப் போட்டு, எதிரே 'அனுமதிப் பொறுப்பாளர்' என்று சேர்த்தேன். சட்டப்படி ஒரு எழுத்து பிசகில்லை. ஜஸ்டினிடம் சொல்லவில்லை. மல்லிகாவிடம் மட்டும், "சனிக்கிழமை லைவ்ல பாரு" என்று சொல்லிவிட்டு, மீனா பஜாரில் ஒரு நீலச் சட்டை எடுத்தேன். டைப்பிங் சென்டர் பஷீர், மலையாளி, பிரின்ட்டை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "சேட்டா, நர்ஸ் வெளியே, பி.ஆர்.ஓ. உள்ளேயா? ஆள் விழுந்தா நீங்க என்னா செய்யும், சீல் அடிக்குமா?"

ஏழாவது நிமிஷம்

அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆறு நிமிஷம் சொர்க்கம். கேமரா இரண்டு தடவை என் பக்கம் வந்தது. இரண்டு தடவையும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். நான் கொடுத்த கதைப்படி ஏழாவது நிமிஷத்தில் பாலைப் புயல் கயிற்றிலிருந்து விழவேண்டும். ரெஃப்ரி முதுகைக் காட்டிக்கொண்டு எதிராளியோடு சண்டை பிடிக்கவேண்டும். பத்து எண்ணுவதற்குள் புயல் எழுந்துவிட வேண்டும். குர்மீத் விழுந்தார். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

பத்து போனது. பன்னிரண்டு. குர்மீத் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. பதினைந்து. கழுத்தைப் பிடிப்பது கதையில் இல்லை. காலை உதைப்பதும் இல்லை. ரெஃப்ரியும் எதிராளியும் கதைப்படி இந்தப் பக்கம் திரும்பாமலே கத்திக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் கதை தெரியாததால் ரசித்துக்கொண்டிருந்தார்கள். அது நடிப்பு இல்லை என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரிந்தவனை நானே வெளியே நிறுத்தியிருந்தேன்.

ஓடினேன். கேட்டில் நின்ற காவலாளி ஜஸ்டினின் பச்சைப் பாஸைக் காட்டி "மாஃபி, மாஃபி" என்று அரபியில் மறுத்து, கையைக் குறுக்கே நீட்டினான். என் கழுத்திலிருந்த சிவப்புப் பாஸைக் கழற்றி ஜஸ்டின் கழுத்தில் போட்டேன். அவன் பையோடு பாய்ந்து போனான். நான் வெளியே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன். ஜஸ்டின் ரிங்கில் ஏறி, குர்மீத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான். நாலாவது அடியில் தொண்டையில் மாட்டியிருந்த பல் காப்பு ரப்பர் தெறித்து விழுந்தது. குர்மீத் இழுத்து மூச்சு விட்ட பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. நீலச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "செம ஆக்டிங்கு பாத்தீங்களா! நெசமாவே மூச்சு நின்ன மாதிரியே கெடந்தான்!"

காரணம்

மறுநாள் வேலை நாளாக இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம். திங்கட்கிழமை கவுன்ட்டரில் ஒரு விளக்கப் படிவம் காத்திருந்தது. சீல் அடித்த கதைப்படி புயல் ஜெயித்திருக்க வேண்டும், நிகழ்ச்சி ஏன் பாதியில் நின்றது? சிவப்புப் பாஸில் இருந்த ஆள் ஏன் மாறினார்? வழக்கமாக உட்காரும் நர்ஸ் ஏன் வெளியே இருந்தார்? முதல் இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் 'நான் பொறாமையால் மாற்றினேன்' என்று எழுதினேன். அடிக்காமல் அப்படியே கொடுத்தேன். முதலாளி என்னை நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்று நினைத்தேன். இனிமேல் நர்ஸ் ரிங் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஆபீஸில் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவோடு விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே ஜஸ்டினின் கிளினிக்குக்குப் போனேன். அவன் டப்பாவைத் திறந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, ஒன் பேரைப் பச்சைக்கு மாத்தினது நான்தான். ஆபீஸ்ல ஏதோ தப்பு நடந்துச்சுன்னு நெனைச்சிருப்ப. தப்பெல்லாம் இல்ல, நான் வேணும்னேதான் செஞ்சேன்" என்றேன். திட்டுவான், இல்லாவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாவது போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்: "அது அன்னைக்கே தெரியும்ணே. பாஸு மாறுனா எனக்கு மெசேஜ் வரும்லா? நீங்க ஒரு நாளு இருந்து பாக்கணும்னு ஆசப்படுதீங்கன்னு நெனச்சேன். அதான் வேற எங்கயும் போவாம கேட்டு பக்கத்துலயே நின்னேன்."

இத்தனை நாளும் ஜஸ்டினின் நாற்காலியைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன், இப்போது அவனுடைய மனசைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேன், அதை என் பெயருக்கு மாற்றிக்கொடுக்க வளைகுடா முழுவதும் தேடினாலும் ஒரு ஆபீஸ் கிடையாது.