அண்ணன் மூக்குக்கு ஒரு முலாம்பழம்

என் அண்ணி தையல்காரி. தெருவில் பாதிப் பேருடைய அளவு அவளுக்கு மனப்பாடம். மண்வெட்டியை மட்டும் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவள் கொல்லையில் துணி காயப்போடும் இடத்தைக் கொத்தி முலாம்பழ விதை போட்டால் எனக்கு எப்படி இருக்கும்? "உங்களுக்கென்ன அண்ணி, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றே கேட்டுவிட்டேன்.

எல்லாம் அண்ணனுக்காகத்தான். அவன் பேக்கரியில் மாவு பிசைபவன். ஒரு காய்ச்சல் வந்து மூக்கு செத்துப்போனது. மாவு புளித்ததா கெட்டதா என்று தெரியாத ஆளை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? "மூக்கு சரியானதும் வா" என்று அனுப்பிவிட்டார். வாசனையுள்ளதைத் தினமும் முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். காபித்தூள், எலுமிச்சை, சோப்பு, எதற்கும் மசியவில்லை அந்த மூக்கு. முலாம்பழ வாசனை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் கடைக்கு வருவதெல்லாம் காயாகப் பறித்தது.

"கொடியிலேயே பழுத்து, தொட்டா கையோட வரணும். அதுலதான் வாசனை இருக்கும்" என்றாள் அண்ணி.

கொடி பூத்தது. அடியில் பிஞ்சு இல்லாத பூக்களுக்கு அண்ணி விளையாட்டாக வெட்டிப்பூ என்று பேர் வைத்திருந்தாள். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அண்ணன் அத்தனை வெட்டிப்பூவையும் பறித்துத் தட்டில் கொண்டுவந்து நீட்டினான். அவை ஆண் பூக்கள்! அவை இல்லாவிட்டால் காய் ஏது? நான் தாம்தூம் என்று குதித்தேன். அண்ணி சிரித்தாள்.

"பேர் வச்சது என் தப்பு. வேலையில்லாம நிக்கறதெல்லாம் வெட்டியா? திரும்பவும் பூக்கும், விடு" என்றாள். அண்ணன் தலை நிமிரவில்லை.

திரும்பவும் பூத்தது. ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவில் தடவும் வேலையை அண்ணனிடமே கொடுத்தாள். காய் கனத்ததும் லைனிங் துணியில் தொட்டில் தைத்துத் தாங்கக் கொடுத்தாள். ரவிக்கைக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்திருக்க மாட்டாள், மகராசி!

ஒருநாள் ஒரு காயை அண்ணன் மூக்கருகே பிடித்தாள். "ஆகா, கமகமன்னு இருக்கு!" என்றான்.

"இது காத்துல அறுந்து விழுந்த காய். யாருக்குமே வாசனை வராது. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"இத்தனை பாடுபட்டிருக்க. வரலன்னு எந்த வாயால சொல்றது?" என்றான் அண்ணன். பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் நிஜமான பழம் வந்தது. காம்பைச் சுற்றி விரிசல் விட்டு, தொட்டதும் அண்ணி கையில் உட்கார்ந்துகொண்டது. வீடே மணத்தது. அண்ணன் மூக்கருகே கொண்டுபோனாள். அவன் முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"கோவிச்சுக்காத. ரப்பர் எரியற மாதிரி நாறுதுடி."

எனக்கு வந்ததே ஆத்திரம்! வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"நாறுதா? நெஜமாவே நாறுதா? இன்னொரு தரம் மோந்து பாருங்க!"

"ஐயோ, குடலைப் பிரட்டுது. எடுடி அத!"

அண்ணி பழத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டியா? செத்த மூக்கு முழிக்கறப்போ மொதல்ல நல்ல வாசனைகூட நாறும்னு டாக்டர் சொன்னாரே. நாறுதாம்டி!"