தங்கை அனுப்பிய காசோலை

அந்தக் காசோலையை நான் முதலில் பார்த்தது வெஸ்ட்மீட் மருத்துவமனையின் ஊழியர் சாப்பாட்டு அறையில். பிரெஞ்சில் எழுதிய, சிறு தொகைக்கான காசோலை. அன்ரி அதை மேசைமேல் என் பக்கம் தள்ளிவிட்டு, "பார் பிள்ளை, எனக்கு விலை போட்டிருக்கிறாள்" என்றார். ஆன்ட்டி என்பதை அவர்கள் ஊரில் அன்ரி என்பார்கள்; எனக்கு உறவில்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரையிலிருந்து சிட்னிக்கு வந்தவள். காசோலையை அனுப்பியவர் பாரிசில் நாடகக்குழு நடத்தும் அன்ரியின் ஒரே தங்கை.

அவர்களுடைய அம்மாவின் கடைசிக் காலத்தில் கூடவே இருந்து பார்த்தவர் தங்கை. அன்ரி சிட்னியிலேயே இருந்துவிட்டார். அது சண்டையாகி, இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள். பிறகு அன்ரி அம்மாவைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். எழுதி முடித்தபோது அது முழுக்கத் தங்கை பட்ட பாடு என்று அவருக்கே தெரிந்தது. "நாடகத்தை உனக்கே தந்தேன், பெயரையும் உன்னுடையதாகப் போட்டுக்கொள்" என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். பிரான்சுச் சட்டத்துக்கு அது போதவில்லை. மேடையேற்ற, மொழிபெயர்க்க, அச்சிட என்று உரிமைகளைத் தனித்தனியாக, எந்த நாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதித் தர வேண்டுமாம். எழுதியவரின் பெயரை எழுதியவரே நினைத்தாலும் கொடுக்க முடியாதாம். தங்கை வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தையும் காசோலையையும் அனுப்பினார். சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டவருக்கு ஒப்பந்தம் வந்தால் எரிச்சல் வராதா?

ஆனாலும் அன்ரி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். காசோலையை மாற்றாவிட்டால் தங்கை மனம் நோவாள் என்று பரமட்டாவிலுள்ள வங்கிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெளிநாட்டுக் காசோலைகளை இப்போது வாங்குவதில்லை என்றார்கள். அடுத்த வங்கியிலும் அதே பதில். தங்கையிடம் சொன்னால் நேராகக் கணக்குக்கே அனுப்பிவிடுவார், ஒரு போன் போதும் என்றேன்.

"செக் திரும்பிட்டுது எண்டு அவளுக்குச் சொல்லவோ? எங்கட ஊரில அது எவ்வளவு வெக்கக்கேடு தெரியுமோ? பாரிசில செக் திரும்பினா செக் புத்தகத்தையே பறிச்சுப் போடுவாங்களாம்."

கணக்கில் பணமில்லாமல் திரும்பினால்தான் அந்தச் சட்டம், சிட்னி வங்கி வாங்காததற்குப் பாரிசில் யாரும் எதையும் பறிக்கமாட்டார்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டுக் காசோலையைக் கைப்பைக்குள் வைத்தார். தங்கையிடம் நான் பேசட்டுமா என்றால், "நீ இதில தலையிடாத" என்று முறைப்பார். மாதக்கணக்கில் இதே வாக்குவாதம். நாள் முழுவதும் முன்பின் தெரியாத நோயாளிகளிடம் அத்தனை பொறுமையாகப் பேசுகிறவருக்குக் கூடப்பிறந்தவளிடம் நாலு வார்த்தை வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

பிரான்சில் ஒரு காசோலைக்கு ஆயுள் ஒரு வருடமும் எட்டு நாளும்தான். அதுவும் கழிந்தது. பாரிசில் நாடகம் அன்ரியின் பெயரோடு மேடையேறியது. அப்போதும் இங்கிருந்தும் போன் போகவில்லை, அங்கிருந்தும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் அன்ரி மாரடைப்பில் போய்விட்டார். பாரிசுக்குச் செய்தி சொன்னது நான்தான். தங்கை அழுதார். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "அக்கா அந்தச் செக்கை மாத்தவே இல்லை, பிள்ளை. மாசாமாசம் பாங்க் கணக்கைப் பாப்பன். என்ர காசைத் தொடவும் விருப்பமில்லை, கோவம் தீரேல்லை எண்டு நினைச்சு நானும் அவவுக்குப் போன் எடுக்கேல்லை" என்றார்.

வங்கி வங்கியாக ஏறி இறங்கியதைச் சொன்னேன். அன்ரி எதற்குப் பயந்தார் என்பதையும் சொன்னேன்.



"அக்கா இதை என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றார் தங்கை. ஒரு வருடத்துக்கு மேலாக அன்ரியிடம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.